இரண்டு முறை வெளியேறிய ஒரு பெண்: நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் பேசப்படும் பெண் கணவரின் வீட்டைவிட்டு இரண்டு முறை வெளியேறினார். முதல் முறை நான்கு வாரம் முடிவதற்குள் திரும்பிச் சென்றார். இரண்டாம் முறை திரும்பவில்லை. இடைப்பட்ட காலத்தில் அவருடைய துணிச்சல் கூடியிருந்தது என்றோ, உறவினர்கள் மனம் மாறி அவர் பக்கம் வந்துவிட்டார்கள் என்றோ சொல்ல முடியாது. முதல் முறையும் அவர் உறுதியோடுதான் கிளம்பினார். அன்று அவரிடம் இல்லாதது ஏற்பாடு. பணமோ ஆதரவோ பெரிதாக இல்லாத ஒருவர் அந்த ஏற்பாட்டை எப்படி, எந்த வரிசையில், யாருடைய கண்ணிலும் படாமல் செய்துகொண்டார் என்பதைப் பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம்.

இது தனி ஒருவரின் வாழ்க்கை வரலாறு இல்லை. ஆலோசனைப் பணியில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் பல பெண்களின் நிலைமைகளை ஒருவருடைய நிகழ்வாகக் கோத்து எழுதியிருக்கிறேன். யாரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

திருமணத்திற்குள் அவர் இருந்த நிலை

திருமணமாகிப் பதினோரு ஆண்டுகள். ஒன்பது வயதில் மகன், ஐந்து வயதில் மகள். ஒரு சிறிய அலுவலகத்தில் பகுதிநேரமாகக் கணினியில் பதிவு செய்யும் வேலை. சம்பளம் அவர் பெயரில் உள்ள கணக்கில்தான் விழுந்தது, ஆனால் அந்தக் கணக்கின் ஏ.டி.எம். கார்டும் ரகசிய எண்ணும் கணவரிடம் இருந்தன. வாரம் ஒரு முறை வீட்டுச் செலவுக்குப் பணம் கொடுக்கப்படும். அதற்கு ஒரு கணக்குப் புத்தகம் எழுத வேண்டும்.

முதல் சந்திப்பில் அவர் அடியைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே இந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் சொன்னார். ஒவ்வொரு வரிக்கும் எதிரே கடை ரசீது குத்தப்பட்டிருக்க வேண்டும். சனிக்கிழமை இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு கணவர் அதை எடுத்துவைத்துக்கொண்டு உட்காருவார், கூட்டிப் பார்ப்பார், சிவப்புப் பேனாவால் அடிக்கோடிடுவார். தொகை உதைத்தால் விளக்கம் கேட்பார். எந்த விளக்கமும் போதாது. சில சனிக்கிழமைகள் கத்தலோடு முடிந்தன, சில அடியில் முடிந்தன. வெள்ளிக்கிழமை மாலையிலேயே தனக்கு வயிற்றைப் பிசையத் தொடங்கிவிடும் என்றார் அவர்.

இதோடு ஒரு கடனும் இருந்தது. கணவரின் தொழிலுக்காக இந்தப் பெண்ணின் பெயரில் வாங்கிய தனிநபர் கடன் அது. விண்ணப்பத்தை நிரப்பியவர் கணவர். கைபேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணை வாசித்துக் காட்டியது மட்டுமே இவர் செய்தது. ஆக, பதினோரு ஆண்டுகள் உழைத்த ஒருவருக்குச் சேமிப்பென்று எதுவும் இல்லாமல் கடன் மட்டும் மிஞ்சியிருந்தது.

இத்தகைய பணக் கட்டுப்பாட்டை நம்மில் பலர் வன்முறைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, "சிக்கனமான மனிதர்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். சட்டம் அப்படிக் கடந்துவிடவில்லை. இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும், இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டமும் பொருளாதாரத் துன்புறுத்தலை வன்முறையின் ஒரு வடிவமாக வெளிப்படையாகவே குறிப்பிடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கணவரோ துணைவரோ இருந்த 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரு முறையாவது அவர்களால் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறைக்கு ஆளாகியிருக்கிறார்கள். இந்த 27 விழுக்காட்டில் பணக் கட்டுப்பாட்டை மட்டும் அனுபவிப்பவர்கள் அடங்கவில்லை என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

முதல் வெளியேற்றம்

ஓர் இரவு அடி தாங்க முடியாமல் உடுத்திய உடையோடு இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டிற்குச் சென்றார். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம் எல்லாமே கணவரின் அலமாரியில் இருந்தன. அண்ணன் வீடு சிறியது. அண்ணனும் அண்ணியும் கெட்டவர்கள் இல்லை, ஆனால் மூன்று பேரைக் கூடுதலாகத் தாங்கும் வசதி அவர்களுக்கு இல்லை. அங்கேயே இருந்த அம்மா தினமும் ஒரே வார்த்தையைச் சொன்னார்: "பிள்ளைங்களுக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, போகப் போக எல்லாம் சரியாயிடும்."

மாதச் சம்பளம் வழக்கம்போல் பழைய கணக்கில் விழுந்தது, விழுந்த அன்றே கணவரால் எடுக்கப்பட்டது. வாடகைக்கு வீடு பார்க்க முன்பணமும் இல்லை, காட்டுவதற்கு அடையாளச் சான்றும் இல்லை. கடன் தவணையைக் கணவர் வேண்டுமென்றே நிறுத்திவிட்டதால் வசூல் அழைப்புகள் அலுவலக எண்ணுக்கே வரத் தொடங்கின. மகளுக்குக் காய்ச்சல் வந்து மருத்துவச் செலவுக்கு அண்ணனிடம் கை நீட்ட வேண்டியிருந்தது. அந்த வாரம்தான் கணவர் வந்தார். எல்லோர் முன்னிலையிலும் அழுதார், மன்னிப்புக் கேட்டார். இவர் கிளம்பிவிட்டார்.

மனம் இளகித் திரும்பிவிட்டாள் என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். அவர் எங்களிடம் சொன்னது வேறு: "அண்ணன்கிட்ட மறுபடியும் கேக்க வாய் வரல மேடம். இவர் மாறிட்டார்னு நான் நம்பல. கையில எதுவும் இல்ல, அவ்வளவுதான்." திரும்பிச் செல்லும் பெண்ணைப் பார்த்து "இவளுக்கே வேண்டியிருக்கிறது" என்று சொல்பவர்கள் இந்த வாக்கியத்தைத் தயவுசெய்து ஒரு முறைக்கு இரண்டு முறை படிக்க வேண்டும். அவர் திரும்பியதைச் சபலமாகவோ பலவீனமாகவோ நான் பார்க்கவில்லை. இருந்த வழிகளில் பிள்ளைகளுக்குச் சோறும் மருந்தும் உறுதியாகக் கிடைக்கும் ஒரே வழி அன்று அதுவாக இருந்தது.

திரும்பிய பின் கட்டுப்பாடு இறுகியது. அலமாரிச் சாவி கணவரின் பையிலேயே இருந்தது. கைபேசியில் இருப்பிடத்தைக் காட்டும் வசதி எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது புதிய விதியாயிற்று.

கழுத்தைப் பற்றிய கேள்வி

சில மாதங்களுக்குப் பிறகு அலுவலகத் தோழி ஒருவரின் கைபேசியிலிருந்து, மதிய இடைவேளையில், அவர் எங்களை முதன்முதலாக அழைத்தார். அதற்குப் பிறகும் நேரில் சந்திக்காதபோதெல்லாம் தொடர்பு அந்த இடைவேளையில், அந்தத் தோழியின் எண்ணில்தான்.

ஆபத்தை மதிப்பிடும்போது வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று, எப்போதாவது கழுத்தை நெரித்திருக்கிறாரா என்பது. நேரடியாகக் கேட்டபோது இல்லையென்று தலையசைத்தார். சிறிது நேரம் கழித்து, வேறு எதையோ சொல்லிக்கொண்டிருக்கையில், ஒரு முறை சுவரோடு சேர்த்துக் கழுத்தைப் பிடித்ததாகவும், இரண்டு நாள் குரல் கம்மிப்போய் எச்சில் விழுங்கவே வலித்ததாகவும் சாதாரணமாகச் சொன்னார். வெளியே காயம் ஏதும் தெரியாததால் அவர் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

அது பெரிது. கழுத்து நெரிப்பில் வெளித்தடயம் இல்லாமலே உள்ளே பாதிப்பு இருக்கலாம். குரல் மாற்றம், விழுங்குவதில் வலி, கண்ணில் சிவப்புப் புள்ளிகள், நினைவு தப்புதல் ஆகியவை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள். உயிர் பிழைப்பு குறித்தும் இது ஓர் எச்சரிக்கை. அமெரிக்க நகரங்களில் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, முன்பு துணைவரால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னாளில் அவராலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் உயர்ந்திருப்பதைக் கண்டது. அங்கே 11 நகரங்களின் கொலை வழக்குகளை ஆராய்ந்து 2003-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, மிகுந்த கட்டுப்பாட்டு மனம் கொண்ட துணைவரைவிட்டுப் பெண் பிரியும்போது ஆபத்து ஒன்பது மடங்கு ஆவதாகக் கணித்தது. வெளியேறியதோடு ஆபத்து தீர்ந்துவிடுகிறது என்ற பொதுவான எண்ணத்திற்கு இது நேர் எதிரானது. "உடனே கிளம்பி வந்துவிடு" என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்களும், "போய்த்தான் பார்க்கட்டுமே" என்று விட்டேற்றியாகச் சொல்பவர்களும் இதை அறிந்திருப்பதில்லை.

இந்த ஒரு விவரத்தால் திட்டமே மாறியது. மெல்லப் பணம் சேர்த்து, ஏற்பாடுகளை முடித்து, ஒரு நாள் கிளம்புவது என்ற திட்டத்தோடு, இன்றிரவே கழுத்தில் கை வைத்தால் என்ன செய்வது என்ற இரண்டாவது திட்டமும் தேவைப்பட்டது. சண்டை மூண்டால் சமையலறைக்கோ குளியலறைக்கோ போகாமல் வெளிக்கதவு இருக்கும் அறையில் நிற்பது, பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் ஒரு குறிப்புச் சொல்லைச் சொல்லிவைப்பது, அது காதில் விழுந்தால் அவர் காவல்துறையை அழைப்பது, மகன் நடுவில் புகுந்து தடுக்காமல் தங்கையை அழைத்துக்கொண்டு அந்த வீட்டிற்கு ஓடுவது என்று பேசி வைத்தோம். மருத்துவரிடம் சென்று பழைய நிகழ்வையும் பதிவு செய்துகொண்டார். பிற்பாடு, கணவர் துன்புறுத்தாமல் தடுக்க நீதிமன்றம் தரும் பாதுகாப்பு ஆணைக்கான மனுவில் அந்தப் பதிவு உதவியது.

கண்ணில் படாத தயாரிப்பு

ஒவ்வொரு ரசீதும் சரிபார்க்கப்படும் வீட்டில் "சிறுகச் சேமியுங்கள்" என்ற அறிவுரைக்குப் பொருளே இல்லை. வீட்டுச் செலவுப் பணத்தில் மிச்சம் பிடிப்பதுதான் மிக ஆபத்தான வழி. ஆகவே கணவரின் கணக்குக்குள் வராத பணத்தைத்தான் தேட வேண்டியிருந்தது. அலுவலகத்தில் ஆண்டுக்கொரு முறை தரும் ஊக்கத்தொகை அப்படிப்பட்டது. அதைப் பழைய கணக்கில் போடாமல் நிறுத்திவைக்கும்படி எழுத்துப்பூர்வமாகக் கேட்டுக்கொண்டார், மேலாளர் ஒப்புக்கொண்டார். அவ்வப்போது கிடைத்த கூடுதல் நேர வேலைக்கான ஊதியத்திற்கும் இதே ஏற்பாடு.

புதிய கணக்கு வேறொரு வங்கியில் திறக்கப்பட்டது. பழைய வங்கியிலேயே திறந்திருந்தால், கணவரின் கையில் இருந்த அதே செயலியில் அதுவும் தெரிந்திருக்கும். தோழி கொடுத்த பழைய கைபேசியும் அதற்கென வாங்கிய எண்ணும் அலுவலக இழுப்பறையிலேயே கிடந்தன. ஒரு நாள்கூட அவை வீட்டிற்குப் போகவில்லை. வீட்டுக் கைபேசியில் இருப்பிட வசதியை அணைக்கவோ, செய்திகளைத் திடீரென அழித்துச் சுத்தம் செய்யவோ வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். கண்காணிப்பவருக்கு, கண்காணிப்பு திடீரென நின்றுபோவதே முதல் தடயம். அந்தக் கைபேசி கடைசி நாள்வரை எப்போதும்போல் நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே இருந்தது.

சான்றிதழ்களைப் பொறுத்தவரை அலமாரிச் சாவியை எடுக்க முயல்வதில்லை என்று முடிவு செய்தோம். அசலை எடுக்கப் போய்ப் பிடிபட்டவர்கள் உண்டு. பள்ளியில் படிவம் கேட்டபோது கணவரே பிறப்புச் சான்றிதழ்களை வெளியே எடுத்தார். ஜெராக்ஸ் எடுக்கும் சாக்கில் தோழியின் கைபேசியில் அவை படமெடுக்கப்பட்டன. அந்தப் படத்திலிருந்த பதிவு எண்களைக் கொண்டு அரசு அலுவலகத்தில் சான்றிட்ட நகல்களுக்கு விண்ணப்பித்து, தோழியின் முகவரியில் பெற்றுக்கொண்டார். அடையாள அட்டைக்கும் இதே வழிதான். பிறப்பு, கல்வி, திருமணம் தொடர்பான பெரும்பாலான ஆவணங்களை வழங்கிய அலுவலகத்திலேயே மறுபடியும் பெற முடியும் என்ற செய்தி பல பெண்களுக்குத் தெரிவதில்லை. அசல் கையில் இல்லை என்ற ஒரே காரணத்திற்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களை நான் அறிவேன்.

தங்குமிடம் தேடுவதில் ஒரு சிக்கல் வந்தது. பெண்களுக்கான காப்பகங்கள் பலவற்றில் ஆண் குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டு. முதலில் விசாரித்த இடத்தில் ஒன்பது வயது மகனைச் சேர்க்க முடியாது என்றார்கள். இது கிளம்பிய இரவில் தெரிந்திருந்தால் மறுபடியும் அண்ணன் வீட்டில்தான் போய் நின்றிருப்பார். முன்கூட்டியே கேட்டதால் வேறோர் இடம் கிடைத்தது.

வெளியேறிய நாள்

அது ஒரு வேலைநாள். கணவர் தொழில் விஷயமாக வெளியூர் சென்றிருந்தார். காலையில் பிள்ளைகள் வழக்கம்போல் பள்ளிக்குப் போனார்கள், அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. மதியம் பள்ளியில் கடிதம் கொடுத்து இருவரையும் அழைத்துக்கொண்டார். வீட்டுக் கைபேசி அலுவலக மேசையிலேயே விடப்பட்டது. காப்பகத்தை அடைவதற்கு முன்பே, தன் விருப்பத்தின் பேரில் பிள்ளைகளோடு வெளியேறியிருப்பதாகவும், இருப்பிடத்தைக் கணவரிடம் தெரிவிக்க வேண்டாம் என்றும் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தார். மறுநாள் காணாமல் போனதாகக் கணவர் புகார் கொடுக்கச் சென்றபோது இந்தக் கடிதம் அங்கே இருந்தது.

அடுத்து வந்த மாதங்கள்

முதல் வெளியேற்றம் தோற்றது இந்தக் கட்டத்தில்தான் என்பதால், இரண்டாம் முறை எங்கள் கவனமெல்லாம் இங்கேயே இருந்தது.

இரண்டாம் நாள் காப்பகத்தின் பணியாளர் ஒருவர் மகளின் கையில் ஒரு டேப்லெட் இருப்பதைக் கவனித்தார். பள்ளிப் பையோடு வந்துவிட்ட அது தந்தையின் கணக்கில் திறக்கப்பட்டிருந்தது. காப்பகத்தின் வைஃபையில் ஒரு முறை இணைத்திருந்தால் போதும், எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். உடனே அதை அணைத்து வைத்தார்கள். பிள்ளைகளின் விளையாட்டுக் கணக்கு, கைக்கடிகாரம், பையில் தைத்து வைக்கக்கூடிய சிறு கண்காணிப்புப் பொருள்கள் ஆகியவற்றைக் கிளம்பும் நாளிலேயே பார்த்துவிட வேண்டும்.

சம்பளத்தைப் புதிய கணக்கிற்கு மாற்றும் கடிதம் முன்பே எழுதப்பட்டுத் தேதி மட்டும் நிரப்பாமல் இருந்தது. கிளம்பிய அன்று தேதி நிரப்பப்பட்டது. அந்த மாதச் சம்பளம் அவர் கைக்கே வந்தது. முதல் முயற்சிக்கும் இரண்டாம் முயற்சிக்கும் இடையே ஒரே ஒரு வேறுபாட்டைச் சொல்லச் சொன்னால் நான் இந்தக் கடிதத்தைத்தான் சொல்வேன்.

வேலை தங்கியதில் மேலாளரின் பங்கு பெரிது. அலுவலக முகவரி கணவருக்குத் தெரியும் என்பதால் சில வாரங்கள் வேறு கிளையில், வேறு நேரத்தில் பணியாற்ற அனுமதித்தார். இது ஒரு நல்ல மனிதரின் கருணையாக இருந்ததே தவிர, விதியாக இல்லை. பிலிப்பைன்ஸ் 2004-லேயே குடும்ப வன்முறைக்கு ஆளான பெண் ஊழியர்களுக்குப் பத்து நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பைச் சட்டமாக்கியது, நியூசிலாந்து 2018-இல் அத்தகைய விடுப்புக்குச் சட்டம் இயற்றியது. 2019-இல் நிறைவேறிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கையும், குடும்ப வன்முறை வேலையைப் பாதிப்பதை முதலாளிகளும் அரசுகளும் கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறது. காப்பகத்திற்கும் நீதிமன்றத்திற்கும் புதிய பள்ளிக்கும் அலைய வேண்டிய அந்த வாரங்களில் வேலையை இழக்கும் பெண், பெரும்பாலும் வெளியேற்றத்தையும் இழக்கிறார். அதனால் இந்த விடுப்பைச் சலுகை என்று நான் கருதவில்லை.

கடனைப் பொறுத்தவரை, தன் சம்மதம் எவ்வாறு பெறப்பட்டது என்பதை விளக்கி, மருத்துவப் பதிவையும் பாதுகாப்பு ஆணையின் நகலையும் இணைத்துக் கடன் கொடுத்த நிறுவனத்திற்கு எழுதினார். உடனே பலன் இல்லை. ஆனால் எழுத்தில் தகராறு பதிவானதும் அலுவலக எண்ணுக்கு வந்த அழைப்புகள் நின்றன.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். மூன்றாவது வாரம் அவர் கணவரை நினைத்து அழுதார். அவரோடு நன்றாக இருந்த நாள்களும் உண்டு என்றார். பிள்ளைகளும் அப்பாவைக் கேட்டார்கள். இதைக் கேட்கும் உறவினர்கள் "பார்த்தாயா" என்று தொடங்கிவிடுவார்கள். பதினோரு ஆண்டுகள் வாழ்ந்த ஒருவரை நினைத்து அழுவது அவரிடம் திரும்பிப் போவதாகாது. அந்த வாரம் அவருக்கு அறிவுரை தேவைப்படவில்லை. மாலையில் கூட உட்கார ஒரு ஆள் தேவைப்பட்டது, தோழி வந்து உட்கார்ந்தார்.

பிள்ளைகளைத் தந்தையிடம் காட்டும் ஏற்பாடு இன்னொரு வாசலைத் திறந்தது. பிள்ளைகளை ஒப்படைக்கும் நேரத்தில் மிரட்டல், மகன் மூலமாக முகவரியைத் துருவித் துருவிக் கேட்பது, மனுமேல் மனுவாகப் போட்டு வேலைநாள்களைத் தின்பது எனக் கட்டுப்பாடு வேறு உருவில் தொடர்ந்தது. நீதிமன்றம் சந்திப்பை மேற்பார்வையுள்ள இடத்திற்கு மாற்றிய பின்பே அது தணிந்தது.

இந்த நிகழ்வு பொருந்தாத இடங்கள்

இவருக்கு ஒரு வேலை இருந்தது, ஒரு தோழி இருந்தார். சம்பாத்தியமே இல்லாத பெண், உடல் குறைபாட்டால் கணவரின் உதவியின்றி நடமாட முடியாத பெண், கணவரின் விசாவை நம்பி அயல்நாட்டில் இருக்கும் பெண் ஆகியோருக்கு இங்கே சொன்ன வரிசை அப்படியே பொருந்தாது. அவர்களுக்குப் பணம் சேர்ப்பதை முதல் படியாக வைப்பது அநியாயம். உதவி எண், காப்பகம், இலவச சட்ட உதவி, குடியேற்ற நிலை பற்றிய சட்ட ஆலோசனை ஆகியவையே அவர்களுக்கு முதல் படி, பணம் அதற்குப் பின்னால்தான் வரும். அதேபோல, கழுத்து நெரிப்போ ஆயுதமோ கொலை மிரட்டலோ இருக்கும் இடத்தில் தயாரிப்பு முடியட்டும் என்று யாரையும் காத்திருக்கச் சொல்லக் கூடாது.

தற்போதைய நிலை

அவர் இப்போது அதே அலுவலகத்தில் முழுநேர ஊழியர். காப்பகத்திலிருந்து வாடகை வீட்டிற்கு மாறிவிட்டார், முன்பணத்தை ஓர் உதவி நிதியிலிருந்து வட்டியில்லாக் கடனாகப் பெற்றார். அம்மா மாதம் ஒரு முறை வந்து பிள்ளைகளைப் பார்த்துப் போகிறார். இடைக்கால ஜீவனாம்சம் வழங்கும்படி ஆணை கிடைத்திருக்கிறது, ஆனால் தொகை ஒழுங்காக வருவதில்லை என்பதால் அதை நிறைவேற்றக் கோரும் மனு நிலுவையில் உள்ளது. தனிநபர் கடன் பற்றிய தகராறும் தீரவில்லை. அது அவர் பெயரிலேயே தொடர்ந்தால், வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்திற்கும் போக அவர் சம்பளத்தில் தவணை கட்ட எதுவும் மிஞ்சாது. அதனால் இந்த நிகழ்வின் கோப்பு இன்னும் மூடப்படவில்லை. கடன் யாருடைய பொறுப்பு என்பது முடிவாகும் வரை அவரைத் தொடர்ந்து சந்திப்பதென்று தீர்மானித்திருக்கிறோம்.